பெயரே வழிகாட்டும்



மழலைக்கு வானவில்லின் நிறங்களைக் கற்பிக்க வண்ணத்தாளும் சோற்றுப்பசையும் போதும். தாளில் பெரிய வில்லொன்று வரைக. கிழித்த துண்டுகளைக் குழந்தையே ஒட்டட்டும்: வெளிவளைவில் சிவப்பு, உள்நோக்கி மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. ஒட்டும்போதே நிறத்தின் பெயரைச் சொல்லுக.

ஏழன்றோ நிறங்கள் என்பீர். நியூட்டனும் முதலில் ஐந்தையே எண்ணினார். செம்மஞ்சளையும் கருநீலத்தையும் பின்னரே சேர்த்தார். 1704-இல் வெளிவந்த அவர்தம் ஒளியியல் நூலில் நிறங்கள் ஏழு. குழந்தைக்கும் அவ்விரண்டு பின்னர் வரட்டும்.

சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே நிற்பது செம்மஞ்சள். பெயரே இடத்தைக் காட்டுகிறது! 'ஆரஞ்சு' எனப் பழக்கினால் குழந்தை பெறுவது வெற்றொலியே. செம்மஞ்சள் எனில் பொருளும் பெறும்.

வரிசை பிறழ்ந்தால் கடிந்துகொள்ளாதீர். மழை ஓய்ந்து வெயிலடிக்கும் மாலையில் கீழ்வானைக் காட்டுக. வானவில்லே திருத்தும்.