புறப்படுமுன் ஒரு தேக விசாரணை

1972ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பிரஸ்ஸல்ஸ் நகரை நோக்கிக் கிளம்பிய டிரைடண்ட் ஜெட் விமானமொன்று, மூன்று நிமிஷங்கூட ஆகாத நேரத்தில், ஸ்டெயின்ஸ் என்னும் ஊரருகே வீழ்ந்து நொறுங்கியதில், அதிலிருந்த 118 பேரும் மாண்டார்கள். போதிய வேகம் கூடுமுன்பே, இறக்கையின் முன்விளிம்பைத் தாழ்த்தி வைத்திருந்த அமைப்பு உள்ளிழுக்கப்பட்டதால் விமானம் காற்றின் பிடியை இழந்தது என்று விசாரணையில் தெரிந்தது. தலைமை விமானியின் சரீரத்தைப் பரிசோதித்த வைத்தியர்களோ, அவருடைய இருதயத்தின் இரத்தக் குழாய்கள் நெடுங்காலமாகவே தடித்துக் குறுகிக் கிடந்ததையும், மரணத்துக்குச் சற்று முன்னர் குழாய்ச் சுவரொன்றில் கிழிசல் ஏற்பட்டிருந்ததையும் கண்டார்கள். அன்று கிளம்புமுன் அவர் சகவிமானி ஒருவருடன் விமானிகளின் வேலைநிறுத்தம் ஒன்றைப் பற்றிக் கடுமையாக வாதாடியிருந்தார். முன்பு எடுத்த இருதய மின்வரைபடங்கள் அவரிடம் குறையேதும் காட்டியதில்லை. விமானி அறையில் ஒலிப்பதிவுக் கருவி இல்லாமையால், முன்விளிம்பு அமைப்பின் நெம்புகோலை நகர்த்தியது எவர் கை என்பதும், வலிக்கிறதென்று அவர் வாய்விட்டுச் சொன்னாரா என்பதும் வெளிவராமலே போயின.

அவரைக் குற்றஞ்சாட்ட என் மனம் ஒப்பவில்லை. ஓசையின்றி வளர்ந்த நோயை அவர் எவ்வாறு அறிவார்? ஆனால், தாமே அறியக்கூடிய நோய்களும் இருக்கின்றனவே! ஜலதோஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தா ஒருவர் கைக்குட்டையோடு சமாளித்துவிடும் அந்தச் சிறு உபாதை, விமானியை வேறுவிதமாக வதைக்கிறது. மேலே ஏறும்போது விரிந்து வெளியேறிய நடுச்செவிக் காற்று, இறங்கும்போது தொண்டையையும் காதையும் இணைக்கும் மெல்லிய குழல் வழியே திரும்பி வந்தாக வேண்டும். அக்குழல் வீங்கி அடைபட்டிருந்தாலோ, செவிப்பறை உட்புறமாக இழுபட்டுப் பொறுக்கவொண்ணாத வலி உண்டாகும், சில சமயம் பறையே கிழிந்தும் போகும். அதுவும், ஓடுபாதையை நோக்கி இறங்கும், முழுக் கவனமும் வேண்டிய அந்தச் சில நிமிஷங்களில்! ஜலதோஷத்துக்கு விழுங்கும் மாத்திரைகளிற் பலவும் தூக்கத்தைக் கொணர்வன.

ஆகவேதான் நோய், மருந்து, மனக்கலக்கம், மது, களைப்பு, உணவு ஆகிய ஆறையும் பற்றி, ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும்படி விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். வைத்தியர் தரும் சான்றிதழ் பரிசோதனை நடந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். நேற்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு கண்விழித்த தகப்பனாரின் களைப்பு அவரொருவருக்கே தெரியும். "இன்று என்னால் இயலாது" என்று அவர் சொல்லும்போது அன்றைய சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் நிர்வாகம், மறுமுறை வாய்திறவாதிருக்க அவரைப் பழக்குகிறது. அந்தப் பிடித்தத்தை எங்கிருந்தாலும் ஒழித்துவிட வேண்டுமென்பதே என் உறுதியான அபிப்பிராயம்.