கற்பூரச் சத்தியமும் ஓட்டுச் சாவடியும்

(திருவொற்றியூரில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



தேர்தலைப் பற்றிப் பேசவேண்டுமென்று கேட்டு நம்மை அழைத்திருக்கிறார்கள். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நாம் சொல்லப் போவதாக எண்ணி வந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைச் சொல்ல வேறு மேடைகள் தாராளமாய் இருக்கின்றன. நாம் பேசப் போவது ஓட்டுப் போடுகிற அந்த அறையைப் பற்றியும், அதற்கு முந்தின இரவுகளில் வீட்டுக்கு வீடு ஏற்றப்படுகிற கற்பூரத்தைப் பற்றியுந்தான்.

2024 ஏப்ரல் 19ந் தேதி நடந்த பார்லிமெண்ட் தேர்தலில் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடச் சாவடி ஒன்றில் நாம் ஒரு அபேட்சகரின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தோம். (எந்த அபேட்சகர் என்பது இங்கு அவசியமில்லை, தோற்றுப்போனவர் என்பது போதும்.) மத்தியானம் மாற்று ஏஜெண்டை உட்கார வைத்துவிட்டு, நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே இருந்த கடைக்கு டீ குடிக்கப் போனோம். அங்கே மதிலோரம் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஒரு ஆயா உட்கார்ந்திருந்தார். விரலில் மை இல்லை.

"என்ன ஆயா, ஓட்டுப் போடவில்லையா?" என்று கேட்டோம்.

"போடலை தம்பி. காசு குடுத்தானுங்க. கற்பூரம் ஏத்தி அதை அணைச்சு சத்தியம் பண்ணுன்னானுங்க, பண்ணிட்டேன். எனக்கு மனசு வேற ஆளுக்குப் போடத்தான் இருக்கு. மாத்திப் போட்டா கடலுக்குப் போற புள்ளைக்கு ஆவாது. போடாமலே இருந்துட்டா சத்தியமும் கெடல, என் மனசும் கெடல" என்றார்.

தோழர்களே! இந்தப் பதிலை நன்றாய் யோசித்துப் பாருங்கள். காசு ஆயாவின் ஓட்டை வாங்கவில்லை. ஆயாவின் மனம் காசுக்கு மாறவே இல்லை. ஆனால் கற்பூரம் ஆயாவைச் சாவடிக்கே வரவொட்டாமல் செய்துவிட்டது. காசு செய்ய முடியாத காரியத்தைக் கால் ரூபாய் பெறாத ஒரு கற்பூர வில்லை செய்துவிட்டதென்றால், இதில் உண்மையான லஞ்சம் எது என்று கேட்கிறோம்.

சத்தியம் வாங்கினவர் சாமியை நம்புகிறவர்தானா? மெய்யாகவே நம்புகிறவராயிருந்தால் லஞ்சம் கொடுக்க அவர் பயந்திருக்க வேண்டாமா? கொடுத்த கைக்கு வராத தெய்வ குற்றம் வாங்கின கைக்கு மட்டும் எப்படி வரும்? அவருக்குச் சாமியிடத்தில் நம்பிக்கை இல்லை. உங்களுக்குச் சாமியிடத்தில் இருக்கிற நம்பிக்கையினிடத்தில்தான் அவருக்கு நம்பிக்கை!

நிற்க. இப்போது அந்த அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் அங்கே வேலை ஆரம்பமாகிவிடும். உத்தியோகஸ்தர்கள் முதல் நாளே வந்து அந்த வகுப்பறையிலேயே படுத்திருப்பார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் சர்க்கார் குமாஸ்தாக்களுந்தான். பெண்களும் அநேகம் பேர். பாவம், அவர்களுக்குக் கொசுவத்தி கிடைத்தால் பாக்கியம். பிறர் ஓட்டுக்குக் காவல் இருப்பவர்களில் அநேகர் தங்கள் ஓட்டைத் தபால் ஓட்டாக வேறு இடத்தில் போட்டுவிட்டு வரவேண்டியவர்கள்.

காலையில் முதற்காரியமாய் அவர்கள் தேங்காய் உடைக்கிறதில்லை, சூடம் கொளுத்துகிறதில்லை. மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டு, இயந்திரம் சொல்லுகிற கணக்கும் கண்ணாடிப் பெட்டியில் விழுந்த சீட்டுகளின் கணக்கும் ஒத்து வருகின்றனவா என்று எண்ணிப் பார்த்து, பிறகு அந்த ஓட்டுகளை அழித்து, சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைக்கிறார்கள். இயந்திரத்தை மூடி ஒட்டுகிற காகித முத்திரையில் அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். விரும்பின ஏஜெண்டுகளும் போடலாம். நாமும் போட்டோம். பகலெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எத்தனை பேர் பதிந்தார்கள், இயந்திரத்தில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று ஒத்துப் பார்க்கலாம். சாயந்திரம் மொத்தக் கணக்கை 17-சி என்ற பாரத்தில் எழுதி ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுக்கிறார்கள். எண்ணுகிற நாளில் அதே பெட்டியிலிருந்து அதே தொகை வருகிறதா என்று பார்ப்பதற்காக!

இதிலிருந்து என்ன தெரிகிறது? அந்த அறையில் ஒருவரையொருவர் நம்பும்படி யாரும் கேட்பதில்லை. அதிகாரியை ஏஜெண்டு சந்தேகிக்கலாம். ஒரு ஏஜெண்டை இன்னொரு ஏஜெண்டு சந்தேகிக்கலாம். இயந்திரத்தை எல்லோரும் சந்தேகிக்கலாம். சந்தேகப்படுவது அங்கே பாவமல்ல, சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. உள்ளே இவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்து, ஒத்துப் பார்த்துக் காரியம் நடக்க, வெளியே ஒரு வில்லைக் கற்பூரத்தின் பேரில் அத்தனையும் கவிழ்கிறதென்றால் சிரிப்பதா, அழுவதா?

மை வைக்கிற விஷயமும் ஒன்றுண்டு. மைசூரிலுள்ள சர்க்கார் தொழிற்சாலையில் செய்யப்படுகிற இந்த மை 1962 முதல் நம் தேர்தல்களில் வழங்கி வருகிறது. அதில் வெள்ளி உப்பு சேர்ந்திருப்பதால் தோலில் பிடித்துக்கொண்டு எளிதில் போவதில்லை. இரண்டாவது அதிகாரி வருகிற ஒவ்வொருவருடைய இடது ஆள்காட்டி விரலையும் பார்த்துத்தான் மை வைக்க வேண்டும். மீன் செதில் ஒட்டின விரல், கிரீஸ் படிந்த விரல், மோதிரம் போட்ட விரல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். எந்த ஜாதி விரல் என்று கேட்டு வேறு கிண்ணத்தில் மை வைப்பதில்லை! நமது ஊரில் பிரஸ்ஸிலும் பட்டறையிலும் விரலைக் கொடுத்தவர்கள் உண்டல்லவா? அவர்களுக்கும் சட்டம் யோசித்து வைத்திருக்கிறது. அந்த விரல் இல்லாவிட்டால் அதே கையில் வேறு விரல். இடது கையில் விரலே இல்லாவிட்டால் வலது கை. இரண்டிலும் இல்லாவிட்டால் கையின் நுனியில் வைக்க வேண்டும் என்பது விதி. கோயிலில் அங்கஹீனனை அபசகுனம் என்று ஒதுக்கிய நாட்டில் இப்படி ஒரு விதியை நாம் சாதாரணமாய் நினைப்பதற்கில்லை.

இந்த உரிமை தானாக வந்ததுமல்ல. 1920இல் சென்னை மாகாணத்தில் முதல் தடவை நடந்த சட்டசபைத் தேர்தலில் சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. பெண்களுக்கு வழிவிட்டு 1921இல் தீர்மானம் செய்ததில் பிரிட்டிஷ் மாகாணங்களிலேயே நமது சென்னைதான் முதல். அதுவும் சொத்துள்ள பெண்களுக்குத்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவனுக்கும் மீன் கூடை சுமந்தவளுக்கும் ஓட்டு வந்தது 1951-52இல் நடந்த பொதுத் தேர்தலில்தான். அப்போதுங்கூட இந்த நாட்டில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் பெறவில்லை. காரணம் என்ன தெரியுமா? இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று சொன்னார்களே தவிர தங்கள் பெயரைச் சொல்லவில்லை. பெரும்பாலும் வடநாட்டில் என்றாலும் நாம் சிரிக்க வேண்டியதில்லை. அங்கே வழக்கம் தடுத்தது, இங்கே கற்பூரம் தடுக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று சிலர் கேட்கலாம். ஓட்டுக்காகப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இது யாவரும் அறிந்ததே. யாவரும் அறியாத ஒன்று இருக்கிறது. 1951ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவில், ஒரு ஓட்டருக்குத் தெய்வ கோபம் வரும் என்று நம்பச் செய்வதும், நம்பச் செய்ய முயலுவதும் தகாத செல்வாக்கு என்று எழுதியிருக்கிறது. அப்படிச் செய்து ஜெயித்தவரின் தேர்தலையே ரத்து செய்யக் கேட்கலாம். இது புதிதுமல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் 1920லேயே பீனல் கோடில் இதைக் குற்றமாகச் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் 171-வது பிரிவாக அது இருக்கிறது. நாம் சொன்னால் நாஸ்திகம் என்பார்கள். ஓட்டு விஷயத்தில் சாமியைக் காட்டிப் பயமுறுத்தாதே என்று சட்டமே நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறதே, அதற்கு என்ன சொல்லுகிறார்கள்? அன்றியும், சட்டவிரோதமான காரியத்துக்குச் செய்கிற ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். அப்படியிருக்க, வாங்கினவர் எந்தக் கோர்ட்டில் இந்தச் சத்தியத்தை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கேட்பார்?

சாமி பயம் போனாலும் மனுஷன் பயம் இருக்கிறதே என்பீர்கள். அது நியாயமான பயம். அதை மூடநம்பிக்கை என்று நாம் தள்ளிவிட மாட்டோம். "கேமரா வைத்திருக்கிறான், யாருக்குப் போட்டாய் என்று தெரிந்துவிடும்" என்று புரளி கிளப்புகிறார்கள். அது பொய். கேமரா அறையைப் பார்க்கும். மறைப்புக்குள் பார்க்கக் கூடாது. சீட்டு உங்கள் கண்ணுக்கு ஏழு வினாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். அதில் உங்கள் பெயர் இல்லை. யாருக்குப் போட்டாய் என்று கோர்ட்டில்கூட உங்களைக் கேட்க முடியாது. ஆனால் ஒன்று மெய்: தனி ஆள் தெரியாவிட்டாலும் சாவடி தெரியும். பெட்டி பெட்டியாக எண்ணி வெளியிடுவதால் இந்தக் குப்பம் எங்களுக்குப் போடவில்லை, அந்தத் தெரு போட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். காகித ஓட்டு இருந்த காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி செய்திருந்தார்கள். இயந்திரத்திலும் அப்படிச் சேர்த்து எண்ண ஒரு கருவி வேண்டுமென்று தேர்தல் கமிஷன் 2008லேயே கேட்டது. 2015இல் சட்டக் கமிஷனும் ஆதரித்தது. மத்திய சர்க்கார் ஒப்பவில்லை. தெய்வ குற்றத்துக்குப் பரிகாரம் கேட்டு அலைகிறவர்கள் இதைக் கேட்டு ஒரு மகஜராவது அனுப்பினால் நன்றாயிருக்கும்.

நமக்குப் பக்கத்திலுள்ள ராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2016 டிசம்பர் 5இல் காலியான இடத்துக்கு 2017 ஏப்ரல் 12இல் தேர்தல் நடக்க வேண்டும். பணம் பாய்ந்தது என்று காரணம் சொல்லித் தேர்தல் கமிஷன் இரண்டொரு நாள் இருக்கையில் அதை நிறுத்திவிட்டது. மறுபடி நடந்தது டிசம்பர் 21இல். ஆக ஒரு வருஷத்துக்கு மேல் தண்டையார்பேட்டைக்காரருக்கும் கொருக்குப்பேட்டைக்காரருக்கும் சட்டசபையில் எழுந்து கேட்க ஒரு வாய் இல்லை. கொடுத்தவர்கள் மேல் சந்தேகம். நாற்காலி காலியாய்ப் போனது வாங்காதவனுக்குந்தான்! 2019இல் வேலூர் பார்லிமெண்ட் தேர்தலுக்கும் இதே கதிதான்.

ஆயா பிள்ளைக்கு ஆகாது என்று பயந்தாரே, அந்தப் பிள்ளைக்கு வருவோம். கடலுக்குப் போகிற பிள்ளையைக் காப்பது எது? புயல் எச்சரிக்கை, நல்ல எஞ்சின், வயர்லெஸ், கரையை அலை தின்னாமல் தடுக்கத் தூண்டில் வளைவு. இவற்றில் எதைக் கற்பூரம் கொடுக்கும்? 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்து வலையெல்லாம் கறுத்தது. அதே மாதம் 26ந் தேதி நடுராத்திரி கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். மூச்சு முட்டினது தெய்வ குற்றத்தாலா, குழாய் குற்றத்தாலா? குழாயைச் சோதித்தாயா என்று கேட்கிற அதிகாரம் அந்த இயந்திரத்துப் பொத்தானில் கொஞ்சம் இருக்கிறது. பூராவும் இருக்கிறதென்று நாம் பொய் சொல்ல மாட்டோம், கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் அணைத்த கற்பூரத்தோடு சேர்த்து அணைத்துவிட்டால் பிறகு யாரைக் கேட்பது?

தொழிற்சாலைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டு நாளில் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்பது 135-பி பிரிவு. தினக்கூலிக்காரருக்கும் உண்டு. நிறுத்தினால் ஆபத்தோ பெருநஷ்டமோ வரக்கூடிய வேலைக்கு மட்டும் விலக்கு. மீறின முதலாளிக்கு அபராதம் ஐந்நூறு ரூபாய்தான் என்பது வேடிக்கை! ஆனாலும் காண்டிராக்டரிடம் கேட்க வாயாவது வேண்டும்.

இவற்றில் பாதியை அன்று அந்த டீக்கடையில் ஆயாவிடம் சொன்னோம். யாருக்குப் போடு என்று சொல்லவில்லை. ஆயா பதில் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம் பேச்சு பலிக்கவில்லை என்று நினைத்தோம்.

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதிகாரி நம்பர் சீட்டுக் கொடுத்தார். நேரம் கடந்தபின் ஒருவரும் பின்னால் வந்து சேராதபடி, வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கித்தான் அந்தச் சீட்டைக் கொடுப்பார்கள். அன்று முதல் நம்பர் சீட்டை வாங்கினவர் அந்த ஆயா. கூடையை வெளியே வைத்துவிட்டுக் கடைசியாய் உள்ளே வந்தார், விரலை நீட்டினார், மறைப்புக்குள் போனார், இயந்திரம் கூவிற்று. திரும்பிப் போகையில் நம்மைப் பார்த்தார். நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.