நடைக்கு ஏற்ற சாக்ஸ்



சிப்காட்டில் சேப்டி ஷூவோடு நின்று பழகிய கால்கள் இப்போது ராயக்கோட்டை மலைக்கும், பழனி பாதயாத்திரைக்கும் கிளம்புகின்றன. சந்தோஷம். ஆனால் ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், சாக்ஸை மட்டும் பிளாட்பாரத்தில் பொறுக்குகிறார்!

'சுத்தமான காட்டன்தான் நல்லது' என்பார்கள். ஆபீசுக்குச் சரி. 20 கிலோமீட்டர் நடந்தால் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். ஈரத்தோல் உராய்ந்தால் கொப்புளம்தான். மெரினோ கம்பளியோடு நைலான் கலந்தது உத்தமம். நைலான் இருப்பதால் குதிகால் சீக்கிரம் தேயாது. 'ஓசூர்க் குளிருக்கா?' என்று சிரிக்காதீர்கள், மெல்லிய ரகம் வெயிலிலும் உறுத்தாது. விலை கட்டாவிட்டால் பாலியெஸ்டர், நைலான் கலப்பு போதும். உள்பக்கம் திருப்பி, விரல்நுனித் தையலைத் தடவிப் பாருங்கள், தடித்திருந்தால் வைத்துவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கால் மரத்திருந்தால் கொப்புளம் வலிக்காது. தெரியாமலே புண்ணாகி, விரலை எடுக்கும் வரை போய்விடும். வெள்ளை சாக்ஸ் போடுங்கள். ரத்தமோ நீரோ கசிந்தால் கண்ணில் படும். மேல்பட்டை இறுகக் கூடாது. வேண்டுதலே ஆனாலும் வெறுங்காலோடு வேண்டாம் ஐயா, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மணிக்கு ஒருதரம் உட்கார்ந்து, கழற்றிப் பாருங்கள். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும்.