ஏர் பிடிக்கப் போனவர்



ஜோசப் டிரம்பல்டோர் என்ற யூதரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். 1880இல் ரஷ்யாவில் பிறந்தவர். படித்தது பல் மருத்துவம். ரஷ்ய-ஜப்பானியப் போரில், போர்ட் ஆர்தர் கோட்டையில் இடக்கையை இழந்தார். வேறொருவர் என்றால் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவரோ மிஞ்சிய கையோடு மீண்டும் களத்துக்குப் போகிறேன் என்று மனுப் போட்டார்! ஜப்பானியரிடம் கைதியானபோது, எழுத்தறியாத சக கைதிகளுக்குப் பாடம் நடத்தினார். பின்னர் ரஷ்ய ராணுவம் அவரை அதிகாரியாக்கியது. அக்கால யூதருக்கு எளிதில் கிட்டாத பதவி அது.

ஆனால் அவர் மனம் மண்ணில் இருந்தது. முதல் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு, துருக்கியர் ஆண்ட பாலஸ்தீனத்துக்குப் போய், டெகானியா கூட்டுப் பண்ணையில் ஒரு கையோடு வயல் வேலை செய்தார். நிலமும் உழைப்பும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. போர் வந்தது, விடவில்லை. 1915இல் கல்லிப்போலியில், பிரிட்டிஷாருக்காகக் கோவேறு கழுதைகளில் தண்ணீரும் தோட்டாவும் சுமந்த யூதப் படையில் இருந்தார்.

1920 மார்ச் 1. கலிலேயாவின் வடகோடியில் டெல் ஹாய் பண்ணை. காவல் பொறுப்பு இவரிடம். பிரெஞ்சு ஆட்சியை அரபுகள் எதிர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பண்ணைக்குள் பிரெஞ்சு வீரர்கள் ஒளிந்திருக்கிறார்களோ என்று சோதிக்க வந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. முதலில் சுட்டது யார் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. டிரம்பல்டோர் வயிற்றில் குண்டு பாய்ந்து, அன்றிரவே இறந்தார்.

தாய்நாட்டுக்காகச் சாவது நல்லது என்பது அவர் கடைசிச் சொல் என்று, சிகிச்சை அளித்த மருத்துவர் சொன்னார். இஸ்ரேலியப் பிள்ளைகள் பள்ளியில் படித்தது அதைத்தான். வலி தாங்காமல் ரஷ்ய மொழியில் வைதிருப்பார் என்று சொல்பவர்களும் உண்டு. வைதிருந்தால்தான் என்ன, வயிற்றில் குண்டு பட்ட மனிதர்தானே!

அதே 1920இல் இடதுசாரித் தொழிலாளர்கள் தங்கள் படைக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1923இல் வலதுசாரி இளைஞர் இயக்கமான பேத்தாரும் அவர் பெயரை எடுத்துக்கொண்டது. இருவருக்கும் அவர் வேண்டியிருந்தது.

அவரும் தோழர்களும் அடக்கமான இடத்தில் 1934இல் வைத்த கல் சிங்கம் வானத்தைப் பார்த்துக் கர்ஜிக்கிறது. எனக்கென்னவோ, பக்கத்தில் ஓர் ஏரையும் செதுக்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.