அரிட்டாபட்டியும் அநேகாந்தமும்

(மதுரை கே.கே. நகரில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி, சமணர் கற்படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் உடைய ஊர். அவ்வூரும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 எக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஈராண்டு கழித்து, அந்நிலத்தையும் உள்ளடக்கிய 2,015.51 எக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்காக ஏலம் போயிற்று.

மலை ஒன்றே. நிலவியலார் அதில் கனிமத்தை அளந்தனர். உயிரியலார் வல்லூறு, இராசாளி முதலாக ஏறக்குறைய 250 வகைப் பறவைகளை எண்ணினர். இருசாராரும் கற்றவர்; எவரும் பொய்யுரைக்கவில்லை. எனின் எதற்கு எவ்வளவு எடை தருவது?

இதற்கு அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் சாட்டி 1970களில் ஒரு முறை வகுத்தார். அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, 1 முதல் 9 வரை எண்ணிடச் சொல்வது அம்முறை. தொன்மை நீர்நிலையினும் மும்மடங்கு, நீர்நிலை கனிமத்தினும் இருமடங்கு என்றவர், தொன்மை கனிமத்தினும் அறுமடங்கு என்றல்லவா கூற வேண்டும்? நான்கு என்பார். அறிஞரும் மனிதர்தாமே! முரண்பாட்டு விகிதம் 0.1க்குள் இருப்பின் ஏற்பர். மிகின் மீண்டும் எண்ணிப் பார்க்கச் சொல்வர்.

ஆயினும் முரணின்மை மெய்ம்மை ஆகிவிடாது. ஓர் அளவுகோலைப் பட்டியலில் சேர்க்கவே மறந்தவர், சிறிதும் முரணின்றி எண்ணிடலாம். இவ்விடத்தில் சமணத் தருக்கம் ஒருபடி மேலே நிற்கிறது. ஒரு கோணத்தில் கண்டு, பிற கோணங்களை மறுக்காதிருப்பது நயம், மறுப்பது துர்நயம். (புள்ளியியல் மேதை மகலனோபிஸ் 1954இல் எழுதிய கட்டுரையில் சியாத்வாதத்தைத் தம் துறையோடு பொருத்திக் காட்டினார். இளைஞர் இதனை அறிதல் நன்று.)

2024 டிசம்பரில் ஒன்றிய அரசு, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கிச் சுரங்க எல்லையை மாற்ற இயலுமா என ஆராயுமாறு நிலவியல் ஆய்வுத் துறையைக் கேட்டது. எடை சற்றே மாறியது, பட்டியல் மாறவில்லை. மேலூர் உழவர் உடன்படவில்லை. கண்மாய்க்கும் பாசனத்திற்கும் என்ன எடை என்பதில் அவர்களே வல்லுநர். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணியாக வந்தனர். ஜனவரி 23 அன்று ஏலம் இரத்தாயிற்று.

அம்மலையில் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவின் வட்டெழுத்துக் கல்வெட்டு, அதனைச் செய்வித்தவராக அச்சணந்தியைக் குறிக்கிறது, காவலராகப் பாதிரிக்குடியாரை.