மயங்கும் சொற்களும் மறக்கும் நாவும்

(பத்தாம் ஆண்டு விழாவில் மணலூர்பேட்டையில் ஆற்றப்பெற்ற உரை)

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவரைப் பெரிதும் இடறச் செய்வன அம்மொழியின் மயக்கச் சொற்கள். 'பிரின்சிபல்' என்னும் ஒலி கல்லூரி முதல்வரையும் குறிக்கும், கொள்கையையும் குறிக்கும். 'ஸ்டேஷனரி' என்பதன் இடையே 'ஏ' என்னும் எழுத்து வரின் அசையாது நிற்பது; 'ஈ' வரின் எழுதுபொருள். 'நைட்' என்றால் இரவு. முன்னே ஒலியாத 'கே' சேர்ந்தால் போர்வீரன். இவற்றைச் செவி பிரித்தறியாது. கண்தான் காக்க வேண்டும். ஆங்கிலேயர்க்கே வழிகாட்டி தேவைப்பட்டது. 1926இல் ஃபௌலர் ஆங்கில வழக்கு அகராதியை வெளியிட்டார்.

வீரனைக் குறிக்கும் சொல்லில் அந்தக் 'கே' ஒருகாலத்தில் ஒலித்ததே. 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். நாளடைவில் அச்சு எழுத்தை நிலைநிறுத்தியது. நாவோ மாறிக்கொண்டே சென்றது. இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டில் பெரும்பகுதி, மறைந்த ஒலிகளுக்கு எடுத்த நடுகல்.

தமிழின் மயங்கொலிச் சொற்கள் இவ்வகையின அல்ல. தலை, தளை, தழை மூன்றும் எழுத்தால் வேறு, ஒலியாலும் வேறு. நுனிநா மேலெழுந்து அண்ணத்தைத் தடவ ரகர ழகரங்களும், ஒற்ற றகர னகரங்களும் பிறக்கும் எனத் தொல்காப்பியப் பிறப்பியல் வரையறுக்கிறது. நா சரியாக இயங்கின் எழுத்து தானே வந்தமையும்.

ஆயினும் பல வட்டாரங்களில் ழகரம் ளகரமாகிவிட்டது. ரகர றகர வேறுபாடு பேச்சில் மறைந்துவிட்டது. அறம் அரமானால் ஒழுக்கம் போய் இரும்பு தேய்க்கும் கருவி நிற்கும். பறவை பரவையானால் பறப்பது கடலாகும். "தளை தட்டுகிறது" என்று புலவர் குறை கூற, "தலை தட்டுகிறது" என்று கேட்டவர் எழுதினால் யாப்பிலக்கணமே நகைப்புக்கிடமாகும்.

ஒலித்திரிபு ஊர்ப்பெயரையும் விடுவதில்லை. பெண்ணையாற்றங்கரையில் சங்கப் புலவர் பாடிய கோவல், பின்னர்த் திருக்கோவலூர். இன்று வழக்கில் திருக்கோயிலூர். பழம்பெயர் தேய்ந்து, கோயில் அவ்விடத்தில் அமர்ந்துகொண்டது.

நாவில் ஒலி மறைந்தபின் எழுத்து மனப்பாடச் சுமையாகும். ஆங்கிலம் சுமக்கும் அச்சுமை தமிழுக்கும் வருவதைத் தடுக்க வல்லவர் பாவலரே. கவிதை, செவிக்கென்றும் பிறந்த கலை. எழுதிய கவிதையை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். கவியரங்கில் ழகரத்தை ழகரமாகவே ஒலித்தல் வேண்டும். கேட்டிருக்கும் சிறுவர் நாவில் அவ்வொலி தங்குமாயின், பிழைதிருத்தும் பட்டியல்கள் அவர்க்குத் தேவைப்படா.