ஓட்டை சைலன்சரும் ஒரு பாபநாசம் பயணமும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, வைப்புநிதி வட்டி பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். வங்கியில் கிளார்க்காக இருந்தவன் வேறு என்ன பேசுவான்? நான் பேச வந்தது என் காரின் சைலன்சரைப் பற்றி. போன வருஷம் நாலு மாதம் அதன் சத்தத்தை நீங்கள் எல்லோரும் பொறுத்துக்கொண்டீர்கள். அதற்கு முதலில் மன்னிப்பு.

வண்டி 2006-ல் வாங்கிய ஆல்ட்டோ. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் எல்லாம் மூழ்கியதே, அப்போது நம் கார் நிறுத்துமிடத்திலும் முழங்கால் அளவு நின்றது. சீட்டு நனையவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆயில் மாற்றினேன், பிரேக்கைப் பார்க்கச் சொன்னேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும் சைலன்சர் சேற்றுத் தண்ணீருக்குள் ஊறிக் கிடந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பழியை வெள்ளத்தின் மேல் மட்டும் போட முடியாது. சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகப் போய்விடும். நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால், தண்ணீர் உள்ளேயே தங்கி, புகையோடு சேர்ந்து லேசான அமிலமாகி இரும்பைத் தின்கிறது. குறைவாக ஓட்டினால் வண்டி புதுசாகவே இருக்கும் என்ற நம் கணக்கு இங்கே தப்பு. பல சைலன்சர்களில் தண்ணீர் சொட்டுவதற்கென்றே அடியில் சிறு துளை வைத்திருப்பார்கள். அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். திருச்செந்தூருக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு உப்புக் காற்றும் ஒரு காரணம்.

சத்தம் வந்ததும் ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டை மேல் பேஸ்ட் அப்பி, தகரம் சுற்றி, கிளாம்ப் போட்டார்கள். மூன்று வாரத்தில் பிய்த்துக்கொண்டது. மறுபடி ஒட்டு. மூன்று ஒட்டுக்கு 1,900 ரூபாய். பேட்டை இந்துக் கல்லூரியில் பி.காம். படித்தவன், வருவாய்ச் செலவு எது, மூலதனச் செலவு எது என்று பரீட்சையில் எழுதியவன். சொந்தக் காரில் அது ஞாபகம் வரவில்லை.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் கிளம்பினோம். நான், வீட்டுக்காரி, ஏழு வயசுப் பேரன். சாரல் அடித்ததால் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டேன். சேரன்மகாதேவி தாண்டும்போது பேரன் தலைவலி என்றான். வீரவநல்லூரில் வாந்தி. வீட்டுக்காரி, "ஏங்க, எனக்கும் கிறுகிறுன்னு வருது" என்றாள். பித்தம், காலையில் சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்து ஓரமாக நிறுத்தி டீ குடித்தோம். வெளியே நின்ற பதினைந்து நிமிஷத்தில் இருவரும் தெளிந்துவிட்டார்கள். மறுபடி ஏறி, கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் மறுபடி தலைவலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டு அம்பாசமுத்திரம் வரை மெதுவாக ஓட்டினேன்.

அங்கே ஒரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி, சைலன்சரை ஸ்க்ரூடிரைவரால் தட்டினார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், இது அப்பளம் மாதிரி நொறுங்கியது. "அண்ணாச்சி, ஒட்டுப் போட இதுல இரும்பு எங்க இருக்கு?" என்றார். டிக்கிக் கதவின் ரப்பரும் கிழிந்திருந்தது. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், அடியில் கசியும் புகை அந்த இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். வண்டியில் இருந்தால் தலைவலி, இறங்கினால் தெளிவு என்றால் அது பித்தம் அல்ல. அன்று பேரன் தூங்கியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் புகைச் சோதனையில் வண்டி தேறியிருந்தது. ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே கலந்தால் வால் குழாயில் அளவு குறைத்துக் காட்டிவிடும். கையில் சான்றிதழ் இருப்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சைலன்சரையும் நடுக் குழாயையும் புதிதாகவே மாற்றினேன். தொங்கும் ரப்பர், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். முதலிலேயே செய்திருந்தால் 1,900 மிச்சம். நீங்கள் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெல்டிங் வைப்பதானால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியின் கம்ப்யூட்டர் பழுதாகலாம். பெட்ரோல் டேங்க்கும் பின்பக்கம்தான் இருக்கிறது, அதன் அருகே வெல்டிங்கே வேண்டாம். ஓட்டை முன்பக்கம், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் மைலேஜும் குறையும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் மலிவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புகை சுத்தமாவது அதில்தான். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. வீணாகி மாற்றினாலும் பழையதைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள்.

பழைய வண்டியை விற்றுவிடலாமே என்று என் மகன் கேட்கிறான். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஓடுகிற வரை ஓடட்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். காலையில் கீழ்த்தளத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் உறும விடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. முதல் மாடி படுக்கையறை ஜன்னல்கள் நேர் மேலேதான் இருக்கின்றன. அங்கே கைக்குழந்தை உள்ள வீடு இரண்டு. ஸ்டார்ட் செய்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் டார்ச்சோடு கீழே இருப்பேன். பத்து வருஷம் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் வாருங்கள், ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்போம். எனக்கு முழங்கால் வலி, குனிய ஒரு இளவட்டமும் வேண்டும்.